மத்தியான ரவுண்டுக்கு ஒரு ஜாக்கெட்

ஊசியைக் குத்திவிட்டு நரம்பைத் தேடுகிறவர்கள் உண்டு. நரம்பைக் கண்டுபிடித்துவிட்டு ஊசியைக் கையில் எடுக்கிறவர்களும் உண்டு. அக்கா இரண்டாம் வகை. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, தனக்குள் 'ம்' என்று சொல்லிக்கொள்வாள். அந்த 'ம்' வந்துவிட்டால் பிறகு ஒரே குத்துதான். கையை நீட்டியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சொல்லிட்டுக் குத்தும்மா" என்பதற்குள், "முடிஞ்சது, பஞ்சைப் பிடிங்க" என்று எழுந்துவிடுவாள். ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குப் போன் செய்கிறவர்கள், "அந்த ஒரே குத்து அக்காவையே அனுப்புங்க" என்று கேட்டு வாங்குவார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அந்தப் பட்டப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிரும். வெளியே மட்டும், "ரவுடிக்கு வெச்ச பேர் மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொள்வாள்.

அவள் வேலை வீடுவீடாகப் போய் ரத்தம் எடுப்பது. காலை ரவுண்டு வெறும் வயிற்றுக்காரர்களுக்கு. அது பொழுது விடியும் நேரம், காற்று முகத்தில் தடவிக்கொண்டு போகும். மத்தியான ரவுண்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனவர்களுக்கு. சர்க்கரை நோய்க்காரர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே நேரத்தில் சாப்பிடுவார்கள். அதனால் தார் இளகிக் கிடக்கும் நேரத்தில்தான் அக்கா தெருத் தெருவாகப் பறக்க வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஒரு நீலநிறக் குளிர்பெட்டி. அதற்குள் ரத்தக் குப்பிகள், சுற்றிலும் உறைந்த ஜெல் பைகள்.

"ரத்தத்துக்கு இருக்கிற மரியாதை அதைத் தூக்கிட்டுப் போறவளுக்கு இல்ல. அது ஏசியில போகுது, நான் அடுப்புல போறேன்" என்பாள். சொல்லுவாளே தவிர, அந்த ரவுண்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கதவைத் திறந்ததும் "வாங்க வாங்க" என்று மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிவிடும் மனிதர்கள், கையை நீட்டிக்கொண்டே மருமகளைப் பற்றிக் குறை சொல்லும் மாமியார்கள், ஊசியைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும் மீசைக்காரர்கள் என்று அது அவளுக்கு ஒரு தனி உலகம். அந்த ரவுண்டின் வருமானத்தில்தான் தம்பி கல்லூரியில் படித்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அவன் பட்டம் வாங்கிய படத்தை அம்மா முன்னறைச் சுவரில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூடச் சும்மா விட மாட்டாள். "அது என் பையன். கவுனு வாடகைக்கு எடுத்தது, பட்டம் சொந்தம்" என்பாள்.

ஒரு நாள் அக்கா வண்டியிலிருந்து விழுந்தாள், ஒரு சின்னத் திருப்பத்தில்தான். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து ரோட்டில் மணல் சிதறிக் கிடந்தது. வண்டி இடதுபக்கம் சாய்ந்து, அக்கா கொஞ்ச தூரம் தேய்ந்துகொண்டு போனாள். அரைக்கைச் சட்டை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்று உரிந்துவிட்டது. எழுந்ததும் அவள் செய்த முதல் காரியம், ரோட்டில் அப்படியே உட்கார்ந்து பெட்டியைத் திறந்து குப்பிகள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்ததுதான். தூக்கிவிட வந்தவர், "ஏம்மா, உன் கையில ஓடுறதும் ரத்தம்தான்மா" என்று கத்தினார்.

காயம் ஆறும்வரை ஆய்வகத்தில் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அது அவளுக்குக் காயத்தைவிட மோசமாக வலித்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, டோக்கன் எண்ணைச் சொல்லி, "அடுத்தவங்க" என்று கூப்பிட வேண்டும். பேசவும் ஆளில்லை, காற்றும் இல்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கு, மேற்பார்வை பார்க்கும் மேடத்தின் முன் போய் நின்றாள்.

"வண்டியை எடுக்கட்டுமா மேடம்?"

"எடுக்கலாம். ஆனா ஜாக்கெட் போட்டுட்டுத்தான். முழங்கை, தோள், முதுகுன்னு எல்லா இடத்துலயும் பேட் வெச்ச ஜாக்கெட். அது இல்லாம வண்டி வெளிய போகாது. முடியாதுன்னா கவுண்டர் இருக்கவே இருக்கு."

"இந்த வெயில்லயா மேடம்?"

"வெயிலுக்குத் தோல் வழன்று பார்த்திருக்கியா? தார் ரோட்டுக்கு வழலும். உன் கைதான் எங்களுக்கு மூலதனம். அதை ரோட்டுல தேய்க்காத."

அன்று சாயங்காலம் இதை வீட்டில் சொன்னாள். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அவன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முதல் சம்பளம் கைக்கு வந்திருந்தது. அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. சொன்னால், "என்னடா, வெளி ஆள் மாதிரி பேசுற?" என்று அம்மா சண்டைக்கு வருவாள். அதனால் இத்தனை வருஷமாக அவன் மனசுக்குள் சேர்ந்துபோயிருந்ததெல்லாம், அந்த வாரக் கடைசியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியாக வீடு வந்து சேர்ந்தது.

"என்னடா இது?" என்றாள் அம்மா.

"அக்காவுக்கு ஜாக்கெட்மா."

"ஜாக்கெட்டா? இவ்வளவு பெரிய பெட்டியிலயா? அவ உடம்புக்கு ஒரு முழம் துணி போதுமேடா."

"ஐயோ அம்மா, இது வண்டி ஓட்டும்போது போடுறது!"

பெட்டிக்குள் கன்னங்கரேலென்று ஒரு கனத்த சாமான் இருந்தது. உள்ளே பஞ்சு வைத்த துணி, கழுத்து வரை ஏறும் ஜிப், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் அட்டை மாதிரி பேடுகள். அக்கா போட்டுப் பார்த்தாள். ஜாக்கெட்டின் கை அவள் விரல் நுனியைத் தொட்டது.

"பெருசா இருக்கோ?"

"வேணும்னுதான்க்கா ஒரு சைஸ் பெருசா எடுத்தேன். உள்ள காத்து போகும்ல. நிறைய படிச்சுப் பார்த்துட்டுதான் வாங்கினேன்."

ஜாக்கெட்டில் தொங்கிய அட்டைச் சீட்டுப் படத்தில், ஒருவன் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பனிமலை. அக்கா அந்தப் பனிமலையைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி ஓடிவந்து வாசலில் நிற்பானே, அதே முகம். அதைப் பார்த்துவிட்டு மலையைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குடா" என்றாள். அந்த நிமிஷத்தில் அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

காலை ரவுண்டில் ஒரு குறையும் தெரியவில்லை. மத்தியானம்தான் ஜாக்கெட் தன் குணத்தைக் காட்டியது. வண்டி ஓடும்வரை ஏதோ ஒப்பேற்றலாம். சிக்னலில் நின்றால் தீர்ந்தது. கறுப்புத் துணி வெயிலையெல்லாம் வாரிக் குடித்து உள்ளே இறக்கியது. வியர்வை முதுகில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடியது. பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ரொம்பக் குளிருதா?" என்று கேட்டுச் சிரித்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஜாக்கெட்டைக் கழற்றும்போது தோலையும் சேர்த்து உரிக்கிற மாதிரி இருந்தது. காற்று போக வேண்டும் என்று விட்ட இடைவெளியில் காற்று போகவில்லை. முழங்கை பேடு மட்டும் சுற்றிக்கொண்டு கைக்கு உள்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் தம்பி கேட்பான்.

"எப்படிக்கா இருக்கு?"

"கெத்தா இருக்குடா. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதற்கடுத்த வாரம் வெயில் இன்னும் ஏறியது. அக்காவுக்கு ஒரு மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, பின்சீட்டில் இருந்த நீலப் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திறந்தாள். உள்ளே ஜெல் பைகள் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு கிடந்தன. ஜாக்கெட்டின் முதுகில், பேடு வைக்கிற பை இருக்கிறது. பேட்டை உருவினால் அந்த இடத்தில் இரண்டு ஜெல் பைகள் கச்சிதமாக உட்காரும். ரத்தம் எடுக்கிறவளுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. பெட்டியில் இன்னும் இரண்டு பைகள் மிச்சம் இருக்கின்றனவே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஆகா, அந்தச் சுகம்! முதுகில் யாரோ ஓடைத் தண்ணீரை மெல்ல ஊற்றுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு ரவுண்டு முழுக்க விசில் அடித்துக்கொண்டு வண்டி ஓட்டினாள். கணக்கு டீச்சர் வீட்டில்கூட ஒரே குத்துதான். அந்த டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நூல் மாதிரி நரம்பு. தொட்டால் நழுவி ஓடும். ஆய்வகத்தில் மற்றவர்கள் அவர் வீட்டுக்குப் போகப் பயப்படுவார்கள். "நீ ஒருத்திதான்மா முதல் தடவையிலேயே சரியான விடை எழுதுற" என்று டீச்சர் அவளுக்கு மட்டும் சொல்லுவார்.

வீட்டுக்கு வந்ததும் உருவிய முதுகுப் பேட்டை அடுக்களை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மறுநாள் காலையில் மேடம் கூப்பிட்டார். மேசைமேல் நீலப் பெட்டி திறந்து கிடந்தது. அதன் மூடியின் உட்பக்கத்தில் சூட்டைக் காட்டும் ஒட்டுச்சீட்டு ஒன்று உண்டு. பெட்டி குளிர்ச்சியாக இருந்தால் பச்சை, வரம்பு மீறிச் சூடேறினால் சிவப்பு. ஒருமுறை சிவந்துவிட்டால் திரும்பப் பச்சையாகாது. அது இப்போது செக்கச்செவேலென்று இருந்தது.

"மத்தியான ரத்தம் எல்லாம் வீணாப் போச்சு. ஜெல் பை நாலு போட்டு அனுப்பினோம். ரெண்டு எங்க போச்சு?"

 அக்கா மழுப்பத் தெரியாத பெண். முதுகைத் தொட்டுக் காட்டினாள்.

மேடம் உதட்டை இறுக்கிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"மறுபடி எல்லார் வீட்டுக்கும் போய் எடுத்துட்டு வா. பெட்டி இன்னொரு தடவை சிவந்தா கவுண்டர்தான். ஜாக்கெட் இல்லாம உன்னை ரோட்டுல பார்த்தாலும் கவுண்டர்தான். புரியுதா?"

அன்று மத்தியானம் ஜெல் பைகள் பெட்டிக்குள் இருந்தன, அக்கா ஜாக்கெட்டுக்குள் இருந்தாள். மற்ற வீடுகளில் முணுமுணுத்துவிட்டுக் கையை நீட்டினார்கள். கடைசியாக டீச்சர் வீடு. மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜாக்கெட்டைக் கழற்றி, கையைக் கழுவி, உறையை மாட்டி உட்கார்ந்தாள். பட்டையைக் கட்டினாள். புருவத்திலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. விரல் நுனி வெந்து மரத்துப்போயிருந்தது. நரம்பு எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. 'ம்' வரவில்லை. வராமலே குத்தினாள்.

ரத்தம் வரவில்லை.

டீச்சர் முகத்தைச் சுளித்தார். அக்கா ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க டீச்சர், அந்தக் கையைக் குடுங்க" என்றாள். இரண்டாவது குத்தில் கிடைத்தது.

"என்னம்மா இன்னைக்கு? விடையை அடிச்சு எழுதுற?" என்றார் டீச்சர். கேலியாகத்தான் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு? முதல்ல நீ குடி. எனக்கு ரெண்டு குத்து ஒண்ணும் பெருசில்ல. இத்தனை நாள் ஒண்ணோட தப்பிச்சேனே, அதைச் சொல்லு."

அக்கா தண்ணீரைக் குடித்தாள். 

வீட்டில் தம்பி அவளுக்கு முன்பே வந்திருந்தான். அடுக்களையில் நின்று, மிக்சிக்கு அடியில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இது என்ன?"

"அதுவா? அக்கா கொண்டுவந்து வெச்சா. என்ன அருமையான சாமான்டா! மிக்சி அதிரவே இல்ல. இன்னொண்ணு கிடைச்சா கிரைண்டருக்கும் போடலாம்."

தம்பி ஜாக்கெட்டின் முதுகுப் பேட்டை மெல்ல உருவி எடுத்தான். அதில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"போடலையாக்கா?"

"அது வந்து... டேய்..."

"சூடா இருக்கா?"

இவ்வளவு நாள் அடக்கி வைத்தது அவளிடமிருந்து ஒரே மூச்சில் வந்தது. "சூடான்னா கேக்கிற? இட்டுக்கட்டிச் சொல்லலடா, உள்ள சோறு வடிக்கலாம். அந்தச் சீட்டுல பனி கொட்டுதுடா! நீ பார்க்கவே இல்லையா?"

தம்பி அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து அந்தச் சீட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். எந்த மாதிரிப் பேடு, எத்தனை தையல், எந்தத் தரச் சோதனையில் தேறியது என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவன். பனிமலையைத்தான் விட்டுவிட்டான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா."

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிடா சொல்றது?"

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குடி உங்க பாசம்! இவன் உன்னை வேகவெச்சான், நீ வாயை மூடிட்டு வெந்த. நடுவுல லாபம் என் மிக்சிக்கு."

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில்தான் கடைக்குப் போக வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். "சாயங்காலம் போனா எல்லா ஜாக்கெட்டும் நல்ல ஜாக்கெட்தான்" என்றாள். தம்பி கறுப்பு ஜாக்கெட்டைத் தானே மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். ஒரு சைஸ் பெரியது என்பதால் அவனுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அக்கா பின்னால் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்தாள். முதல் சிக்னலில் பேசிக்கொண்டு வந்தான். இரண்டாவது சிக்னலில் பேச்சு நின்றது. கடை வாசலில் இறங்கியபோது அவன் முடியிலிருந்து வியர்வை சொட்டியது.

"எப்படிடா இருக்கு? கெத்தா இருக்கா?"

"அக்கா, இதையா போட்டுட்டு மாடிப்படி ஏறின?" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அக்கா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், கை நனைந்துவிட்டது.

கடைக்காரர் ஒரு பருத்த, சிரித்த முகக்காரர். கடைக்கு நடுவில் சக்கரம் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தரையில் பதித்து வைத்திருந்தார். கறுப்பு ஜாக்கெட்டைப் பார்த்ததும், "சார் எந்த மலையிலிருந்து வர்றீங்க?" என்றார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், வலை மாதிரி நெய்த ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து போட்டார். ஒவ்வொன்றையும் ஓடுகிற மின்விசிறிக்கு முன்னால் பிடித்து, பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் காற்று கையில் வந்து மோதியது; இன்னொன்றில் வலை பேருக்குத்தான் இருந்தது, உள்ளே ஒட்டியிருந்த துணி காற்றைத் தடுத்தது. அக்காவுக்கு அந்தச் சோதனை பிடித்துப்போய்விட்டது. கடையில் இருந்ததையெல்லாம் விசிறிக்கு முன் பிடித்தாள்.

"இது காத்து நல்லா போகுது. எடுத்துக்கலாமாடா?"

தம்பி வாங்கி, தோளையும் முழங்கையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இதுல எல்லா இடமும் வலைக்கா. விழுந்தா முதல்ல தேயுற இடம் தோளும் முழங்கையும். அங்க மட்டும் கெட்டித் துணி இருக்கணும். நெஞ்சுலயும் முதுகுலயும் கையோட உள்பக்கமும் வலை போதும்." பிறகு உள்ளே திருப்பிப் பேட்டில் பதித்திருந்த தர முத்திரையையும் தேடினான். "இதுல முத்திரையே இல்ல. மிக்சிக்குத்தான் ஆகும்."

"சார் படிச்சுட்டுத்தான் வந்திருக்கார்" என்றார் கடைக்காரர்.

"படிச்சவன்தான். முதல் தடவை பாடமெல்லாம் படிச்சுட்டு அட்டைப் படத்தை மட்டும் விட்டுட்டான்" என்றாள் அக்கா.

வெளிர் சாம்பல் நிறத்தில் ஒன்று எல்லாவற்றிலும் தேறியது. இரண்டு அளவுகளில் இருந்தது. பெரியதைப் போட்டுப் பதித்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்தாள். நிற்கும்போது சரியாக இருந்த ஜாக்கெட், உட்கார்ந்ததும் கையில் தொளதொளவென்று ஆடியது. முழங்கை பேட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். அது சுலபமாகச் சுற்றியது.

"நான் கட்டுற ரப்பர் பட்டை மாதிரிதான்டா இது" என்றாள். "தளர்ந்தா கட்டியும் கட்டாத மாதிரி. இறுகினா கை விறைச்சிடும். நகராம இருக்கணும், ஆனா ரெண்டு விரல் உள்ள போகணும்."

சின்னது அப்படியே அமைந்தது. பேடு முழங்கை முட்டியின்மேல் உட்கார்ந்தது, திருகினாலும் அசையவில்லை. மணிக்கட்டு ஜிப்பை ஒரு கையால் இழுத்துத் திறந்து, சட்டையோடு முழங்கை வரை ஏற்றிப் பார்த்தாள். கையுறை மாட்ட அது வேண்டும். முதுகுப் பேட்டை வெளியே எடுத்துப் பார்த்தார்கள்; அதில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் இருந்தன, காற்று அதற்குள்ளும் புகுந்து போனது.

"வெளுப்பா இருக்கே, அழுக்குத் தெரியும்மா" என்று எச்சரித்தார் கடைக்காரர்.

"துவைச்சுக்கலாம். கறுப்பு குடிச்ச வெயில் இந்த ஜென்மத்துக்குப் போதும்."

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. நம்ம மத்தியானக் காத்து உடம்பைவிடச் சூடு. வலை போட்டா மட்டும் குளிர்ந்துடாது, அடுப்புக் காத்துதான் உள்ள வரும். அதனால உள்ள ஒரு பருத்திப் பனியனை நனைச்சுப் பிழிஞ்சு போட்டுக்கோங்க. காத்து அதுல படும்போது ஜில்லுன்னு இருக்கும். காய்ஞ்சா மறுபடி நனைங்க. புழுக்கமான நாள்ல இது பலிக்காது, அன்னைக்கு நிழல் பார்த்து நின்னு நின்னு போங்க. தண்ணியை மட்டும் மறக்காதீங்க."

அக்கா கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தம்பி பணம் கட்டும் மேசைக்குப் போனான். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது: தம்பியின் கை. கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அரைக்கைச் சட்டையோடு நின்றான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கீறல் இல்லாத, வரைபடம் போடுகிற கை. இந்தக் கையோடுதான் இவன் தினமும் ஆபீசுக்கு வண்டியில் போய் வருகிறான். அக்காவுக்கு ஜாக்கெட் தேடித் தேடிப் படித்தவனுக்கு, தனக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"ஏன்டா, உனக்கு எங்க?"

"எனக்கெதுக்குக்கா? நான் பக்கத்துலதானே போறேன்."

"நான் விழுந்த திருப்பம் நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு." அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, இதே மாதிரி இவனுக்கும் ஒண்ணு எடுங்க. அதுக்கு நான் குடுக்கிறேன். டேய், வண்டியில ஏறி உட்காரு. கையை நீட்டு."

அவன் கல்லூரிக்கு முதல் நாள் போகும்போது சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டதுபோல, முழங்கைப் பேட்டை இரண்டு விரலால் திருகித் திருகிப் பார்த்தாள். கறுப்பு ஜாக்கெட்டும் வீணாகவில்லை. குளிர் மாதங்களில் விடிகாலையில் போட்டுக்கொள்ளத் தம்பிக்கே என்று முடிவாயிற்று.

அடுத்து வந்த சோதனை நாளில் டீச்சர் வீட்டு மணியை அக்கா அழுத்தியபோது வெயில் அப்படியேதான் இருந்தது. வழியில் இரண்டு இடத்தில் பனியனை நனைத்துக்கொண்டாள். சிக்னலில் நிற்கும்போது வெந்தது. வண்டி நகர்ந்ததும் முதுகில் குளிர் ஓடியது. வேர்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வியர்வை கண்ணுக்கு வரவில்லை, விரல் விரலாகவே இருந்தது.

"ஓ, புதுச் சட்டையா?" என்றார் டீச்சர். கையை நீட்டும்போது கொஞ்சம் தயங்கினார். போன தடவை குத்திய இடத்தில் பச்சையாக ஒரு தடம் இன்னும் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

மணிக்கட்டு ஜிப்பைத் திறந்து, கையை மேலே ஏற்றி, கழுவித் துடைத்து, உறையை மாட்டினாள். பட்டையைக் கட்டினாள். நகரக் கூடாது, இரண்டு விரல் போக வேண்டும். ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். நூல் மாதிரி அந்த நரம்பு விரலுக்கு அடியில் ஒருமுறை நழுவி, பிறகு அகப்பட்டது.

"ம்" என்றாள்.

குப்பியில் ரத்தம் ஏறியது. டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு டீச்சர். பஞ்சைப் பிடிங்க."

"முழு மார்க்" என்றார் டீச்சர். அக்கா தலையைக் குனிந்து குப்பியில் பேரை ஒட்டினாள். கண் கலங்கியதற்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. மின்விசிறி அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது.

ஆய்வகத்தில் மேடம் பெட்டியின் மூடியைத் திறந்து உட்பக்கத்தைப் பார்த்தார். பச்சை. ஜெல் பைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்; நாலும் இருந்தன. அக்காவின் முதுகையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். தேன்கூட்டுப் பேடு 'டக்' என்றது.

"நாளைக்கும் மத்தியான ரவுண்டு உனக்குத்தான்" என்றார்.

மறுநாள் காலையில் தம்பி ஆபீசுக்குக் கிளம்பினான். அக்கா வாசலில் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வெளிர் சாம்பல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஜிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினான்.

"நேத்து டீச்சர் வீட்டுல என்னாச்சுக்கா?"

"ஒரே குத்து."

அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பப் போனான். அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வண்டிக்கு முன்னால் மறித்து நின்றாள்.

"என்னக்கா, நேரமாச்சு."

"ஆகட்டும்" என்றாள் அவள். "ஜிப்பை மேல வரைக்கும் ஏத்துடா."